வோர்ட்டிசெல்லா: பெயரில் 'செல்' எங்கே இருக்கிறது?

வோர்ட்டிசெல்லா என்ற பெயரை முதலில் கேட்டபோது வோர்ட்டி, செல்லா என்றுதான் பிரித்தேன். ஒரே செல்லால் ஆன உயிர், பெயரிலும் செல் இருக்கிறது, பொருத்தம்தானே! தமிழ்க் காதுக்கு இன்னொன்றும் கேட்கும்: செல்லாக்காசு மாதிரி, எங்கும் செல்லாமல் ஒட்டின இடத்திலேயே காம்பை ஊன்றி நிற்பது. இரண்டும் அழகான விளக்கம், இரண்டும் தப்பு.

லத்தீனில் வோர்ட்டெக்ஸ் என்றால் நீர்ச்சுழல். கடைசியில் வரும் எல்லா, சின்னது என்று காட்டும் விகுதி. ஆக, பெயரின் பொருள் சின்னச் சுழி. உயிரினங்களுக்கு லத்தீன் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் இந்தப் பேரினப் பெயரை வைத்தது 1767-இல். உயிர்களெல்லாம் செல்லால் ஆனவை என்ற கொள்கை வர அதற்கப்புறம் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

ஏன் சுழி என்பது நுண்ணோக்கியில் பார்த்தவுடனே புரிந்துவிடும். குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரை வேரில் ஒரு துண்டைக் கிள்ளி, ஒரு சொட்டு நீரோடு கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். தலைகீழாய்ப் பிடித்த மணி போல ஒன்று காம்பின்மேல் நிற்கும், அதன் வாய் விளிம்பில் மயிர் மாதிரி நுண்ணிய இழைகள் அடித்துக்கொண்டே இருக்கும், ஆனால் இழைகள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அந்த வாயருகே தூசும் பாக்டீரியாவும் வளைந்து வளைந்து ஓடுவது தெரிந்துவிடும். அந்தச் சுழலில் சிக்கி உள்ளே போவதுதான் அதன் சாப்பாடு.

இப்போது கண்ணாடி இருக்கும் நுண்ணோக்கி மேடையை விரலால் லேசாகத் தட்டுங்கள். தொட்டாற்சிணுங்கி தோற்றுவிடும்! நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் காம்பு திருகுச்சுருளாகச் சுருங்கி, மணி அடியோடு ஒட்டிக்கொள்ளும்; திரும்ப நீள்வதோ ஆற அமரத்தான். காம்புக்குள் ஓடும் ஓர் இழை கால்சியத்தால் சுருங்குகிறது. நம் தசைக்கு ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும்; இந்த இழுப்புக்கு அது நேரடியாகத் தேவைப்படுவதில்லை.

1676-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், நுண்ணோக்கியில் நுண்ணுயிர்களைப் பார்த்த டச்சுக்காரர் லேவன்ஹூக் இந்தச் சுருளை, குச்சியில் சுற்றிக் கழற்றிய கம்பிக்கு ஒப்பிடுகிறார். வால் எதிலோ மாட்டிக்கொண்டு தவிக்கிறது என்று நினைத்து, தான் பார்த்ததிலேயே பரிதாபமான ஜீவன்கள் இவை என்று இரக்கப்பட்டும் இருக்கிறார், பாவம். அது வால் இல்லை, காம்பு; மாட்டவில்லை, தானே ஒட்டியிருக்கிறது.

அடையாளம் காண்பதற்கும் இந்தத் தட்டல்தான் கைகொடுக்கும். காம்புக்கு ஒரே மணி, கிளையில்லை, தட்டினால் சுருள்கிறது என்றால் பெரும்பாலும் வோர்ட்டிசெல்லா. ஒன்றை ஒட்டி ஒன்றாய்க் கூட்டமாய் நின்றாலும் காம்பு தனித்தனியாகவே இருக்கும். கிளைவிட்ட காம்பில் பல மணிகள் இருந்து, ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குச் சுருங்கினால் கார்க்கீசியம். உள்ளிழை கிளையெல்லாம் தொடர்ந்து ஓடுவதால் மொத்தக் கூட்டமும் ஒரேயடியாய்ச் சுருங்கினால் சூத்தம்னியம், அந்தக் கிரேக்கப் பெயருக்கு 'விலங்குக் குறும்புதர்' என்று பொருள். மணிகள் மட்டும் வாயை மூடிக்கொண்டு காம்பு விறைப்பாக நின்றால் எப்பிஸ்டைலிஸ், தூண்மேல் இருப்பது. இதே மாதிரி சுழல் உண்டாக்கும் இன்னொரு நுண்ணிய நீருயிரான ரோட்டிஃபரையும் வோர்ட்டிசெல்லாவையும் குழப்பிக்கொள்கிறவர்கள் வெட்கப்பட வேண்டாம். சுழல் உண்டாக்குவதையெல்லாம் ஒரு காலத்தில் அறிஞர்களே வோர்ட்டிசெல்லா என்ற பெயரில்தான் அடைத்து வைத்திருந்தார்கள். ரோட்டிஃபர் பலசெல் உயிரி, உள்ளே அசைபோடும் தாடை தெரியும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? முதலில் காம்பு. சிலர் தண்டு என்று எழுதுகிறார்கள், எனக்கு ஒப்பவில்லை; தண்டு செடியைத் தாங்குவது, பூவை ஏந்துவது காம்புதான். அடுத்து, வாய் விளிம்பில் அடிக்கும் அந்த இழைகள். குறு இழை என்று தமிழ்நாட்டுப் பாடநூலில் படித்ததை இலங்கையில் பிசிர் என்பார்கள், எனக்குப் பிசிர்தான் பிடிக்கும், பஞ்சில் பிசிர் பார்த்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

பெயருக்கு வருவோம். 'மணி விலங்கு' பொருந்தாது, இது விலங்கே இல்லை. வெறும் மணி என்றால் எப்பிஸ்டைலிஸும் மணிதான். சுழியன் என்று வைக்க ஆசைதான், ஆனால் பாசிப்பருப்புப் பூரணம் வைத்த பலகாரம் நினைவுக்கு வந்து பசி எடுக்கிறது. சுழி என்ற சொல் மட்டும் விடக்கூடாதது: ஆற்றுச் சுழி, தலைச்சுழி, மூன்று சுழி ண என்று நம்மிடம் அது ஏற்கெனவே புழங்குகிறது, லத்தீன்காரர் சொன்னதும் அதேதான். உருவத்தையும் சேர்த்துச் சுழிமணி என்பது என் கட்சி.

காம்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம், ஏனென்றால் அது எப்போதும் இருப்பதில்லை. இரண்டாகப் பிரியும்போது ஒன்றுக்குத்தான் காம்பு; மற்றது பின்பக்கம் ஒரு பிசிர் வளையம் வளர்த்துக்கொண்டு நீந்திப் போய், வேறிடத்தில் ஒட்டிப் புதுக் காம்பு விடும். இருக்கும் இடம் பிடிக்காவிட்டாலும் மணி அப்படியே கழன்று கிளம்பிவிடும். ஆகச் 'செல்லா' என்ற என் இரண்டாவது விளக்கம் இலக்கணத்தில் மட்டுமல்ல, குளத்திலும் தப்பு.