காஸ்ட்: அடக்கமா, செலவா, கட்டுபடியா?

காஸ்ட் என்பதற்குத் தமிழில் என்ன என்று யாராவது கேட்டால் சட்டென்று 'செலவு' என்று பதில் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் நிர்வாகப் பாடப்புத்தகத்தையோ பொருளியல் கட்டுரையையோ தமிழில் எழுத உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு சொல்லை வைத்து இரண்டு பக்கம்கூடத் தாண்ட முடியாது. காஸ்ட், எக்ஸ்பென்ஸ், எக்ஸ்பெண்டிச்சர் மூன்றுமே 'செலவு' ஆகி, காஸ்ட் பிரைஸ் மட்டும் 'அடக்கவிலை' ஆகி, காஸ்ட் அனாலிசிஸ் ஒரு இடத்தில் 'செலவுப் பகுப்பாய்வு', இன்னொரு இடத்தில் 'கிரயப் பகுப்பாய்வு' என்று வந்து நிற்கும். படிப்பவர் இவை எல்லாம் வேறு வேறு விஷயம் என்று நினைப்பார், அல்லது எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பார். இரண்டுமே சரியில்லை.

முதலில் ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம். லத்தீனில் 'கோன்ஸ்தாரே' என்றால் சேர்ந்து நிற்பது, உறுதியாக நிற்பது. ஒரு பொருள் இன்ன விலையில் 'நிற்கிறது' என்று சொல்லவும் அதே வினையைப் பயன்படுத்தினார்கள். அது பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து ஆங்கிலத்தில் காஸ்ட் ஆனது. ஜெர்மனின் 'கோஸ்டன்', இத்தாலியின் 'கோஸ்தாரே' எல்லாம் அதே வேர்தான். நாமும் 'ஏலம் எவ்வளவில் வந்து நின்றது?' என்று கேட்கிறோமே, கிட்டத்தட்ட அந்தப் பார்வை. அதாவது அவர்கள் சொல்லுக்குள் இருப்பது நிற்றல்.

நம் 'செலவு' அப்படியே எதிர்ப்பக்கம். செல் என்ற வேரிலிருந்து வந்தது, செல்வது செலவு. பழந்தமிழில் இதன் முதற்பொருள் பயணம்தான். தலைவன் பொருள் தேடிப் புறப்பட நினைத்துக் கொஞ்சம் தயங்கி நிற்பதைச் 'செலவழுங்குதல்' என்பார்கள். அது போகாமல் இருந்துவிடுவது அல்ல, தலைவியை ஆற்றுவதற்காகத் தள்ளிப்போடுவதுதான் என்று தொல்காப்பியம் விளக்கமே சொல்கிறது. பிறகு கையைவிட்டுப் போகும் பணமும் செலவு ஆனது, வருவது வரவு ஆனது. ஆக, செலவு என்றால் பணம் புறப்பட்டுப் போய்விட்டது. கணக்குப் புத்தகத்தில் எழுத இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆனால் ஒரு முடிவு எடுக்கும்போது காஸ்ட் என்று நாம் பேசுவது பல நேரம் இன்னும் போகாத பணத்தை, சில நேரம் போகவே போகாத பணத்தை. இங்கேதான் செலவு என்ற சொல் திணறுகிறது.

இதற்கு நடுவே 'கிரயம்' வேறு. வடமொழியில் கிரயம் என்றால் விலைக்கு வாங்குதல். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரம், கிரயம் முடித்தல் என்று சொத்து கைமாறுவதோடு அது நின்றுவிட்டது. இலங்கைத் தமிழில் அதுவே காஸ்டுக்கான முறையான கலைச்சொல். கிரயக் கணக்கியல் என்றே பாடம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் அது அடக்கவிலைக் கணக்கியல். எது சரி என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை, ஆனால் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே கட்டுரையைப் படிக்கப்போகிறார்கள் என்றால் முதல் முறை வரும் இடத்தில் இரண்டு சொல்லையும் போட்டுவிடுவது நல்லது.

'அடக்கம்' நல்ல சொல். 'எனக்கு அடக்கமே இவ்வளவு ஆகுது' என்று வியாபாரம் செய்பவர் சொல்லும்போது வாங்கிய விலை, ஏற்றுக்கூலி, சேதாரம், வாடகையில் ஒரு பங்கு என்று எல்லாம் உள்ளே அடங்கிய தொகையைச் சொல்கிறார். காஸ்டிங் என்று ஆங்கிலத்தில் சொல்வது இதைத்தான்: ஒரு பொருளுக்குள் எதெது அடங்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. (தனியாக 'அடக்கம்' என்று தலைப்பிட்டால் இறுதிச் சடங்கு ஞாபகமோ பணிவு பற்றிய அறிவுரையோ என்று தோன்றும், அதனால் எழுத்தில் அடக்கவிலை, அடக்கச் செலவு என்று சேர்த்து எழுதுவதே பாதுகாப்பு.)

சரி, அடக்கவிலை தெரிந்துவிட்டால் முடிவு எடுத்துவிடலாமா? முடியாது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம், எந்த நாட்டுப் பணம் என்றெல்லாம் வேண்டாம், வெறும் எண்கள் போதும். ஒரு தொழிற்சாலையில் மாதம் 1000 பொருள் செய்கிறார்கள், 1500 வரை செய்ய முடியும். ஒரு பொருளுக்கு மூலப்பொருள், கூலி என்று 60 ஆகிறது. வாடகை, மேலாளர் சம்பளம், காப்பீடு போன்றவை மாதம் 40,000. அதை 1000 பொருளுக்குப் பங்கிட்டால் தலைக்கு 40. அடக்கவிலை 100, விற்பது 120க்கு. இப்போது புதிதாக ஒருவர் வந்து 80 வீதம் 300 பொருள் கேட்கிறார். அடக்கவிலையை மட்டும் பார்க்கும் கணக்குப்பிள்ளை, 'பொருளுக்கு 20 நட்டம், வேண்டாம்' என்பார். ஆனால் அந்த 40,000 இந்த ஆர்டரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் போகத்தான் போகிறது. கூடுதலாக ஆவது 300 தடவை 60, அதாவது 18,000, வருவது 24,000. மாத இலாபம் 20,000லிருந்து 26,000 ஆகிறது. 'நட்டம்' என்று சொன்ன அதே ஆர்டர்தான் இது.

இதே தொழிற்சாலை ஏற்கெனவே 1500ஐயும் 120க்கு விற்றுக்கொண்டிருந்தால் பதில் தலைகீழ். புதியவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பழைய வாடிக்கையாளரை இழக்க வேண்டும். பொருளுக்கு ஆகும் 60ஐக் கழித்தால் அவரிடம் மிஞ்சியிருக்கும் 60 போய், இவரிடம் மிஞ்சும் 20 வருகிறது. பொருளுக்கு 40 இழப்பு. கைவிட்ட அந்த 60 எந்தப் பேரேட்டிலும் பதிவாகாது, ஏனென்றால் பணம் எங்கேயும் 'செல்ல'வில்லை. இதைத்தான் ஆப்பர்ச்சுனிட்டி காஸ்ட் என்கிறார்கள். தமிழ்நாட்டில் வாய்ப்புச் செலவு, இலங்கையில் அமையச் செலவு. ஆஸ்திரியப் பொருளியலாளர் பிரீட்ரிஷ் ஃபான் வீசர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தக் கருத்தை வளர்த்தார். 'வாய்ப்புச் செலவு' என்பது ஏதோ வாய்ப்புக்காகச் செலவழித்த பணம் போலக் காதில் விழுகிறது என்பதுதான் எனக்கு உறுத்தல். 'கைவிட்ட வாய்ப்பின் மதிப்பு' என்று ஒரு தடவையாவது விரித்து எழுதிவிட்டுப் பிறகு சுருக்கமான சொல்லுக்குப் போனால் புரியும்.

அந்த 80 விலை ஆர்டரை எடுப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு, 120 கொடுக்கும் பழையவர்கள் காதுக்கு விஷயம் போனால் அவர்களும் 80 கேட்பார்கள். அதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

இந்த மாதிரி யோசனை எப்போது ஆரம்பித்தது? அடிக்கடி சொல்லப்படும் உதாரணம் இங்கிலாந்தின் மட்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட். 1772இல் பெரிய கடன் நெருக்கடி வந்து விற்பனை படுத்துவிட்டபோது, அவர் உட்கார்ந்து தன் செலவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். வாடகை, அச்சு செய்வது, கணக்கர்களின் சம்பளம் போன்றவை எவ்வளவு பாண்டம் செய்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதைக் கண்டார். அப்படியானால் நிறைய செய்து விற்பதில் இலாபம் இருக்கிறது. இன்று மாறாச் செலவு, மாறும் செலவு என்று பள்ளியில் படிக்கும் பிரிவு அங்கே ஒரு முதலாளியின் கையெழுத்தில் இருக்கிறது. அந்தத் தேடலில் அவருடைய தலைமைக் கணக்கரின் கையாடலும் அகப்பட்டது என்பது உபரிச் செய்தி.

வெட்ஜ்வுட் கண்டதைத் தலைகீழாகப் பிடித்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். நம் தொழிற்சாலையில் விற்பனை 1000லிருந்து 800 ஆகிறது. அதே 40,000ஐ 800ஆல் வகுத்தால் தலைக்கு 50, அடக்கவிலை 110. 'அடக்கம் ஏறிவிட்டது, விலையை 130 ஆக்கு' என்கிறார்கள். விலை ஏறியதும் விற்பனை இன்னும் சரிகிறது, அடக்கம் இன்னும் ஏறுகிறது, விலையை மறுபடி ஏற்றுகிறார்கள். காஸ்டிங் உலகில் இதற்குச் 'சாவுச் சுழல்' என்றே பெயர். கூட்டல் வகுத்தலில் ஒரு பிழைகூட இல்லாமல் ஒரு நிறுவனத்தை இப்படி மூட வைக்க முடியும்.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜே. மாரிஸ் கிளார்க் 1923இல் ஓவர்ஹெட் (வாடகை, மேலாளர் சம்பளம் போல எந்த ஒரு பொருளோடும் நேரடியாக ஒட்டாத) செலவுகளைப் பற்றி எழுதிய நூலில் வாதாடியது இதைத்தான்: வெவ்வேறு நோக்கத்துக்கு வெவ்வேறு காஸ்ட். இருப்பு மதிப்பிட ஒன்று, விலை வைக்க ஒன்று, ஒரு பிரிவை மூடலாமா என்று பார்க்க இன்னொன்று. இந்த ஓவர்ஹெட்டுக்குத் தமிழ்நாட்டில் மேற்செலவு என்கிறார்கள், இலங்கையில் 'மேந்தலை' என்கிறார்கள், ஓவர், ஹெட் இரண்டையும் அப்படியே பெயர்த்துவிட்டார்கள். மேற்செலவே எனக்குப் பிடித்தது, ஆனால் அதைப் பொருள்களுக்குப் பங்கிடும் வேலைதான் தலைவலி. கூலி நேரத்தை வைத்துப் பங்கிட்டால், கையால் அதிகம் செய்யும் எளிய பொருளின் தலையில் பாரம் விழும்; இயந்திரத்தை அடிக்கடி மாற்றி அமைக்கச் சொல்லும் சிக்கலான பொருள் தப்பித்துக்கொள்ளும். 1980களின் பிற்பகுதியில் கணக்கியல் பேராசிரியர்கள் ராபின் கூப்பரும் ராபர்ட் கேப்லனும் இதைச் சுட்டிக்காட்டி, செயல் வாரியாகச் செலவைப் பிரிக்கும் முறையைப் பரப்பினார்கள். ஆக்டிவிட்டி பேஸ்டு காஸ்டிங் எனப்படும் இதைச் செயல்சார் அடக்கக் கணக்கு என்று எழுதலாம்.

சங்க் காஸ்ட் என்பதை 'மூழ்கிய செலவு' என்று பெயர்க்கிறார்கள். சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் தமிழில் மூழ்கியது என்றால் கடனில் மூழ்கியது, திவாலாகிப் போனது என்று மனம் அங்கே ஓடுகிறது. இங்கே சொல்ல வருவதோ, என்ன முடிவு எடுத்தாலும் திரும்பாத பணம். 'மீளாச் செலவு' என்று எழுதினால் வேலை முடிந்தது. இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் கான்கார்டு விமானம். பிரிட்டனும் பிரான்சும் 1962இல் ஒப்பந்தம் போட்டு ஆரம்பித்தன. வணிகரீதியாகத் தேறாது என்ற அறிகுறிகள் வந்த பிறகும் பணம் போட்டுக்கொண்டே போயின. 1976இல் பயணிகள் சேவை தொடங்கி 2003இல் முடிந்தது, சேவையில் பறந்தவை 14 விமானங்கள்தான். 'இவ்வளவு போட்டாச்சே' என்ற எண்ணத்துக்கு ஆய்வாளர்கள் கான்கார்டு பிழை என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அரசுகள் பக்கம் வந்தால் காஸ்ட் பெனிஃபிட் அனாலிசிஸ், தமிழில் செலவு–பயன் ஆய்வு. ஒரு பாலத்தால் மக்களுக்கு என்ன பயன் என்று அளக்கும் முயற்சியை பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துப்புய் 1844இலேயே எழுதினார். அமெரிக்காவின் 1936 வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம், பயன் யாருக்குப் போய்ச் சேர்ந்தாலும் சரி, அது மதிப்பிட்ட செலவைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்றது. 'யாருக்குச் சேர்ந்தாலும்' என்பதில்தான் இன்றுவரை சண்டை, ஏனென்றால் செலவைச் சுமப்பவர் ஒருவர், பயனை அனுபவிப்பவர் வேறொருவர்.

நமக்கு இது புதிதல்ல என்று காட்ட எல்லோரும் திருக்குறளை இழுப்பார்கள், எனக்கு அதில் சலிப்பு உண்டு. ஆனால் 461ஆம் குறளை மட்டும் விட முடியவில்லை: 'அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்.' அழியப்போவது, ஆகப்போவது, அதன் வழியாகப் பின்னால் கிடைக்கும் இலாபம். மூன்றும் செயலுக்கு முன்னால் யோசிக்க வேண்டியவை, 'அழிந்தது' என்று இறந்தகாலத்தில் எதுவும் இல்லை. கூடவே பாருங்கள், அங்கே ஊதியம் என்றால் இலாபம். இன்று ஊதியம் என்றால் சம்பளம், நிறுவனத்தின் கணக்கில் அது செலவுப் பத்தியில் போய் உட்கார்ந்துவிட்டது.

கலைச்சொல் அகராதிகள் கண்டுகொள்ளாத ஒரு பேச்சுச் சொல் உண்டு, 'கட்டுபடி'. 'இந்த விலைக்குக் கட்டுபடியாகாது' என்று சொல்பவர் அடக்கத்தை மட்டும் சொல்லவில்லை. என் நேரத்தை, இடத்தை, இதைவிட்டால் செய்யக்கூடிய வேறு வேலையை எல்லாம் சேர்த்து இது தேறாது என்கிறார். அடக்கம் என்பது பொருளைப் பற்றிய கேள்வி, கட்டுபடி என்பது முடிவைப் பற்றிய கேள்வி. காஸ்ட் அனாலிசிஸ் என்று நிர்வாகத்தில் சொல்வதில் பாதி அடக்கக் கணக்கு, மீதி கட்டுபடிக் கணக்கு, இரண்டையும் ஒரே 'செலவுப் பகுப்பாய்வு'க்குள் திணிப்பதால்தான் முதல் பாதியோடு நிறுத்திவிட்டு முடிவு எடுத்துவிடுகிறார்கள். பிரேக் ஈவன் பாயிண்டை 'இலாப நட்டமற்ற புள்ளி' என்று நீட்டி எழுதுவதற்குப் பதில் 'கட்டுபடிப் புள்ளி' என்றால் என்ன குறைந்துவிடும்? மேலே சொன்ன தொழிற்சாலையில் அது 667ஆவது பொருள்: ஒவ்வொன்றிலும் 60 மிஞ்சுகிறது, 40,000ஐ 60ஆல் வகுத்தால் அங்கேதான் வந்து சேரும்.

மார்ஜினல் காஸ்டுக்கு இறுதிநிலைச் செலவு என்பதே இருக்கட்டும், இலங்கையில் எல்லைச் செலவு என்றாலும் புரியும். இன்னும் ஒன்றைக் கூடுதலாகச் செய்தால் எவ்வளவு ஆகும் என்பதுதான் இரண்டுக்கும் பொருள். எக்ஸ்பெண்டிச்சருக்கு அரசு வழக்கில் இருக்கும் செலவினத்தை எடுத்துக்கொள்ளலாம். காஸ்ட் பெர் யூனிட் என்று வரும் இடத்தில் 'ஓர் அலகின் அடக்கச் செலவு' என்று எழுதி, பக்கத்திலேயே எத்தனை அலகு செய்தால் என்பதையும் போடுங்கள். 1000க்கு 100, 800க்கு 110 என்று.