'பொது நிறுவனம்' யாருடையது?

திருகோணமலை பஸ் நிலையத்தடித் தேநீர்க்கடையில் ஒரு ஐயா பத்திரிகையை என் பக்கம் தள்ளி, ஒரு வரியில் விரலை வைத்தார். "தம்பி, சீனக்குடா எண்ணெய்த் தாங்கி வச்சிருக்கிற லங்கா ஐஓசி பொது நிறுவனமாம். அப்ப அது எங்கட அரசாங்கத்தின்ரயோ?"

இல்லை. ஆனால் ஐயாவில் பிழையில்லை. பொதுக் கிணறு, பொது நூலகம், பொதுச் சந்தை என்று பழகிய காது வேறெப்படி விளங்கும்?

ஆங்கிலத்தின் 'பப்ளிக் கம்பனி'யைத்தான் 'பொது நிறுவனம்' என்று மொழிபெயர்க்கிறார்கள். 'பப்ளிக்' இலத்தீனில் மக்களைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அது அரசுடையதையும் குறிக்கும், எவருக்கும் திறந்ததையும் குறிக்கும். கம்பனிக்கு முன்னால் வரும்போது இரண்டாவது பொருள்: பங்கை எவரும் வாங்கலாம். வாங்கியவருக்குத்தான் வாக்கு, அதுவும் பங்கின் அளவுக்கே. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, தனியார் கம்பனி பங்குகளை ஊருக்கு விற்கக் கூடாது, பங்காளர் ஐம்பதைத் தாண்டவும் கூடாது. வேறுபாடு அவ்வளவுதான்.

இதற்குப் 'பகிரங்கக் கம்பனி' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. அந்தரங்கத்துக்கு எதிர்ச்சொல் பகிரங்கம். வடமொழி என்று அதைத் தள்ளிவிட்டுப் 'பொது'வை ஒட்டுகிறார்கள். தூய தமிழ் எனக்கும் பிடிக்கும். ஆனால் சொத்து யாருடையது என்பதையே மாற்றிக் காட்டும் தமிழ் எதற்கு? தமிழேதான் வேண்டுமென்றால் 'திறந்த பங்குக் கம்பனி' என்று எழுதட்டும். 'நிறுவன'மும் உதவாது, பள்ளிக்கூடமும் நிறுவனம்தான். அரசு சட்டம் போட்டு உண்டாக்கியதற்குக் 'கூட்டுத்தாபனம்' என்ற பெயர் ஏற்கெனவே உண்டு: பெற்றோலியக் கூட்டுத்தாபனம், 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம்.

சீனக்குடாவில் இந்தக் குழப்பம் முற்றிப்போகிறது. லங்கா ஐஓசி கொழும்புப் பங்குச் சந்தையில் உள்ள பகிரங்கக் கம்பனி. அதன் பங்கில் முக்கால்வாசி இந்தியன் ஒயிலிடம், அந்த இந்தியன் ஒயிலில் பாதிக்கு மேல் இந்திய அரசிடம். 2022 ஜனவரி ஒப்பந்தத்தில் 61 தாங்கிகளைப் பெற்ற டிரிங்கோ பெற்றோலியம் டெர்மினலோ பதிவில் தனியார் கம்பனி. ஆனால் அதன் 51 வீதம் நம் கூட்டுத்தாபனத்துக்கு, 49 வீதம் லங்கா ஐஓசிக்கு. ஒன்றைப் 'பொது' என்றும் மற்றதைத் 'தனியார்' என்றும் போட்டால், வாசிப்பவர் இரண்டையும் தலைகீழாகத்தான் விளங்கிக்கொள்வார். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் பார்க்கும் நேரத்தில் பாதியையாவது பங்குதாரர் பட்டியலைப் பார்க்கச் செலவழிக்கலாம்.

இதையெல்லாம் சொல்லி முடிக்க ஐயாவின் தேத்தண்ணி ஆறிவிட்டது. "அப்ப அரசாங்கத்தின்ர பங்கு கூட இருக்கிறதைத் தனியார் எண்டும், இல்லாததைப் பொது எண்டும் போட்டிருக்கிறாங்களோ?" என்று கேட்டார். ஓம் ஐயா என்றேன். பேனையை வாங்கி அந்த வரியில் 'பொது'வை வெட்டினார்.