தலைக்குக் குளிக்கவில்லை என்பது பாதுகாப்பு அல்ல

"வயிற்றில் வாயு புரளுகிறது" என்ற குறையோடு சென்ற செவ்வாய்க்கிழமை இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருவர் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை தாயின் தாலிக்கயிற்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், காகிதம்போல் வெளுத்திருந்தது. வயிற்றைத் தொட்ட உடனேயே விஷயம் விளங்கிவிட்டது, ஏனெனில் கருப்பை தொப்புளுக்குச் சற்றுக் கீழே வரை வளர்ந்திருந்தது. ஸ்கேனில் கருவுக்கு 19 வாரம், ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.4 கிராம், முதல் பிரசவம் சிசேரியன். உடன் வந்திருந்த மாமியார் என்னை நம்ப மறுத்தார். "இன்னும் தலைக்கே குளிக்கலையேம்மா, அதுக்குள்ள எப்படி நிக்கும்?" என்று மூன்று முறை கேட்டார்.

ஒரே மாதத்தில் இப்படி என்னிடம் வந்த நான்காவது பெண் இவர். நால்வர் வீட்டிலும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள் என்பதால் முதலில் இதற்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

மாதவிடாய் முதலில் வந்து, அதன் பிறகுதான் கருத்தரிக்கும் தகுதி திரும்புகிறது என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். நடப்பது இதற்கு நேர்மாறானது. முட்டைதான் முதலில் வெளியாகிறது, அது கருவாகாமல் போனால்தான் ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து மாதவிடாய் வருகிறது. பிரசவத்துக்குப் பிறகு வெளியாகும் அந்த முதல் முட்டையே கருவாகிவிட்டால், அந்தப் பெண் ஒரு முறைகூடத் தலைக்குக் குளிக்காமலேயே அடுத்த கர்ப்பத்துக்குள் போய்விடுவார். தாய்ப்பால் கொடுக்காத பெண்களுக்குப் பிரசவமான ஒன்றரை மாதத்திலேயே முட்டை வெளியாகக்கூடும், சிலருக்கு அதற்கும் முன்னரே. எண்ணிப் பார்க்க மாதவிடாய் என்று ஒன்று இல்லாததால் நாள் தள்ளிப்போனதே யாருக்கும் தெரிவதில்லை. நான்காம் மாதமோ ஐந்தாம் மாதமோ சிசு அசையும்போது அதை வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

"பால் கொடுக்கிற வரைக்கும் நிற்காது" என்று பாட்டிமார் சொல்வது முழுப் பொய் அல்ல. மூன்று நிபந்தனைகளும் ஒருசேர இருந்தால் அது நம்பத் தகுந்த முறையே, நூறு பெண்களில் இரண்டு பேருக்கும் குறைவாகவே கரு நிற்கும். குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது. மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும், சர்க்கரைத் தண்ணீரோ பவுடர் பாலோ பசும்பாலோ, கொடுத்திருக்கக் கூடாது. அந்தத் தாய்ப்பாலையும் பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேலும் இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விடாமல் ஊட்ட வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அந்தக் காவல் போய்விடும். நான் சொல்லும் பெண்ணின் குழந்தைக்கு, பால் போதவில்லை என்று மூன்றாம் மாதமே பவுடர் பால் தொடங்கியிருந்தார்கள். மூன்றாம் மாத முடிவில்தான் நாள் பார்த்து, தொட்டிலும் சீரும் கொடுத்து, தாய்வீட்டிலிருந்து அவரை அழைத்து வந்தார்கள். அழைத்து வரும் நாளுக்கு ராகுகாலம் பார்த்த பெரியவர்களில் ஒருவருக்கும் கருத்தடை பற்றி ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

"இரண்டையும் சட்டென்று பெற்றுவிட்டு ஆபரேஷன் செய்துகொண்டால் வேலை முடிந்தது" என்று வாதிடுகிறவர்களும் உண்டு. வளர்க்கும் சிரமம் ஒரே தடவையில் தீரும் என்பது அவர்கள் கணக்கு, ஆனால் தாயின் உடம்பில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதை அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஒரு கர்ப்பத்துக்குச் சுமார் 1000 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவைப்படுகிறது. இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேர் ரத்தசோகையோடு இருந்ததாக 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. முதல் பிரசவத்துக்கே கையிருப்பு இல்லாத உடம்பு, நான்கே மாதத்தில் இரண்டாவது கர்ப்பத்துக்கு எதைக் கொடுக்கும்? பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும் என்று கொடுத்தனுப்பும் சிவப்பு மாத்திரைகள், பெரும்பாலான வீடுகளில் உறை பிரிக்காமல் கிடக்கின்றன.

குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகியவற்றின் அபாயம் இடைவெளி குறையக் குறைய ஏறுகிறது. சிசேரியன் ஆனவர்களுக்குக் கூடுதலாக ஒரு கவலை உண்டு. வெளித்தையல் பத்து நாளில் ஆறிவிடுகிறது, கருப்பையின் தையலுக்கு மாதக்கணக்கில் காலம் வேண்டும். இரண்டு பிரசவங்களுக்கும் நடுவே 18 மாதம்கூட இல்லையென்றால், வலி எடுக்கும்போது அந்தத் தழும்பு பிளந்துகொள்ளும் ஆபத்து கூடுகிறது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியனாக இருக்கும் நிலையில், இதை எங்கோ யாருக்கோ நடக்கும் அரிய விபத்தாக எண்ணிவிட முடியாது.

கையில் இருக்கும் குழந்தையையும் மறந்துவிட வேண்டாம். அடுத்த பிள்ளை வயிற்றில் வந்ததால் பால் மறுக்கப்பட்டு மெலியும் குழந்தையைச் சவலைப்பிள்ளை என்று நம் முன்னோர் பெயரிட்டே அழைத்தார்கள். ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவில், பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1930-களில் மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்திய குவாஷியோர்கர் என்ற புரதக்குறை நோயின் பெயரும், புதுக்குழந்தை வந்ததும் மூத்ததற்கு வரும் நோய் என்ற பொருளில் அந்த மக்கள் வழங்கிய சொல்தான். மீண்டும் கர்ப்பம் என்றால் தாய்ப்பால் விஷமாகிவிடும் என்பதும் தவறான நம்பிக்கையே. ரத்தக்கசிவோ குறைமாதப் பிரசவ அபாயமோ இல்லாத பெரும்பாலான தாய்மார்கள், நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு பாலூட்டுவதைத் தொடரலாம்.

குழந்தை பிறந்து குறைந்தது 24 மாதம் கழித்தே அடுத்த கர்ப்பத்துக்கு முயல வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் அவ்வளவு காத்திருக்க முடியாமல் போகலாம், அவர்கள் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கட்டும். ஆனால் எந்த வயதிலும் ஆறு மாதத்துக்குள் வேண்டவே வேண்டாம்.

கருத்தடைக்கு வழிகள் இல்லாமல் இல்லை. பிரசவமான 48 மணி நேரத்துக்குள், சிசேரியன் என்றால் அந்த அறுவை சிகிச்சையின்போதே, கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி பொருத்திவிடலாம். அது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று பயந்து மறுக்கிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். கருப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது அம்மா, தயவுசெய்து பக்கத்து வீட்டில் கேட்காமல் எங்களிடம் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியைப் பிரசவமான ஆறு வாரத்துக்குப் பிறகு பாலூட்டும் தாய்க்குப் போடலாம். ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரையும் பாலைப் பாதிக்காது. இரண்டும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆணுறை பயன்படுத்துவதற்கு மனைவியின் உடல்நிலை எதுவும் தடையில்லை என்பதைக் கணவர்களுக்குச் சற்றுக் கண்டிப்போடேயே சொல்கிறேன். 42-ஆம் நாள் பரிசோதனைக்குக் குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள், தாயையும் காட்டுங்கள்.

ஏற்கெனவே உண்டாகியிருந்தால் மருந்துக்கடையில் கலைப்பு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். எத்தனை வாரம், கரு தழும்பின்மேல் தங்கியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்காமல் அதை விழுங்கி, ரத்தம் வடிய வடிய நள்ளிரவில் வந்தவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பத்தைத் தொடர்வதானாலும் வேண்டாம் என்பதானாலும் சீக்கிரம் வாருங்கள். எத்தனை முறை திட்டினாலும் வந்தவரை நாங்கள் திருப்பி அனுப்புவதில்லை.

அந்தப் பெண்ணுக்கு இரும்புச்சத்து ஊசியை டிரிப்பில் ஏற்றத் தொடங்கியிருக்கிறோம். பிரசவம் ஆகும்போது மூத்த குழந்தைக்குப் பதின்மூன்று மாதம்கூட நிறைந்திருக்காது. இந்த முறை காப்பர் டி பற்றி இப்போதே பேச வேண்டும், அடுத்த செவ்வாய்க்கிழமை கணவரையும் அழைத்து வாருங்கள் என்றேன். அவர் வாசலில்தான் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார் என்றார் மாமியார். அன்றைக்கே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினேன்.