பயனர் ஏற்றிய கோப்பைத் திறந்து காட்டுவதா, பதிவிறக்கச் செய்வதா?

ஓர் இணைப்பைச் சொடுக்கினால் பிடிஎஃப் பிரவுசருக்குள்ளேயே விரிவதும், ஜிப் கோப்பு நேராகப் பதிவிறங்குவதும் பிரவுசரின் சொந்த முடிவு என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அதில் பெரும்பங்கு சர்வர் கோப்போடு சேர்த்து அனுப்பும் குறிப்புவரிகளான இரண்டு ஹெடர்களுக்கு உண்டு. வந்திருப்பது எந்த வகைக் கோப்பு என்பதைக் கன்டென்ட்-டைப் சொல்கிறது. அதை என்ன செய்வது என்பதைக் கன்டென்ட்-டிஸ்போசிஷன் சொல்கிறது. பின்னதில் 'இன்லைன்' என்றிருந்தாலும், அந்த ஹெடரே இல்லாவிட்டாலும், பிரவுசர் தன்னால் காட்ட முடிந்ததைக் காட்டிவிடும். முடியாததைப் பதிவிறக்கும். 'அட்டாச்மென்ட்' என்றிருந்தால், காட்ட முடிந்ததையும் காட்டாமல் சேமிக்கும். மின்னஞ்சலுக்காகப் பிறந்த இந்த ஹெடர் வலையில் எப்படி இயங்க வேண்டும் என்பதை 2011-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 6266 என்ற இணையத் தரநிலை ஆவணம் வரையறுத்தது.

வலைச் செயலிகளின் பாதுகாப்பைச் சோதிப்பது என் தொழில். ஒரு செயலியில் பயனர்கள் தங்கள் படத்தை ஏற்றும் வசதி இருந்தது. அனுமதித்த வகைகளுள் எஸ்விஜியும் ஒன்று. பார்வைக்குப் படமாக இருந்தாலும் எஸ்விஜி என்பது எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு மொழியில் எழுதிய உரை, அதற்குள் பிரவுசரில் ஓடும் நிரலான ஸ்கிரிப்ட் எழுத இடமுண்டு. பக்கத்தில் படத்தைப் பதிக்கும் ஐஎம்ஜி டேக் வழியாகக் காட்டும்போது அந்த ஸ்கிரிப்ட் ஓடாது என்பதால், செயலியை உருவாக்கியவர்களின் கண்ணில் எதுவும் படவில்லை. சோதனைக்காக அமைத்திருந்த நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, நான் ஏற்றியிருந்த கோப்பின் முகவரியை நேரடியாகத் திறந்தபோது, உள்ளிருந்த மூன்று வரி ஸ்கிரிப்ட் அந்தச் செயலியின் டொமைனிலேயே, நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு ஓடியது. கடவுச்சொல்லைத் திருட வேண்டிய தேவையே எழவில்லை.

இதனால்தான், பயனர் ஏற்றும் கோப்புகளுக்கு அட்டாச்மென்ட் என்பதே இயல்புநிலையாக இருக்க வேண்டும், காட்டியே ஆக வேண்டிய ஒருசில வகைகளுக்கு மட்டும் விலக்கு தர வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன். கூடவே எக்ஸ்-கன்டென்ட்-டைப்-ஆப்ஷன்ஸ் ஹெடரில் 'நோஸ்னிஃப்' என்று குறிப்பிட வேண்டும். இல்லையேல் கோப்பின் தொடக்க பைட்டுகளைப் பார்த்து, சர்வர் சொன்ன வகையை விட்டுவிட்டு, பிரவுசர் தானே ஒரு வகையை ஊகிக்க இடமுண்டு. இக்கோப்புகளை முதன்மைச் செயலியின் குக்கிகள் (பயனரின் உள்நுழைவை நினைவில் வைக்கும் தரவு) எட்டாத தனி டொமைனிலிருந்து வழங்குவது இன்னும் வலுவான காப்பு. எச்டிஎம்எல் இணைப்பில் 'டவுன்லோடு' பண்பைச் சேர்ப்பது இதற்கு மாற்றாகாது, ஏனெனில் தாக்குபவர் உங்கள் பக்கத்திலுள்ள இணைப்பை விட்டுவிட்டு, கோப்பின் நேரடி முகவரியையே பிறரைத் திறக்க வைப்பார்.

கோப்பின் பெயரையும் கன்டென்ட்-டிஸ்போசிஷன் ஹெடர்தான் சுமக்கிறது. 'அறிக்கை' என்ற நான்கெழுத்துச் சொல் யூனிகோடில் ஏழு குறியீடுகள், யூடிஎஃப்-8-இல் 21 பைட்டுகள், ஒவ்வொரு பைட்டையும் % குறியோடு மூன்று எழுத்தாக எழுதும் சதவீதக் குறியாக்கத்தில் 63 எழுத்துகள். உடுக்குறியோடு எழுதப்படும் 'ஃபைல்நேம்*' அளவுருவில் இந்தக் குறியாக்கத்தைத் தராமல் தமிழ்ப் பெயரை அப்படியே இட்டால், சேமித்த கோப்பின் பெயர் சிதைந்து போகலாம். பயனர் கொடுத்த பெயரிலுள்ள மேற்கோள்குறி, வரிமுறிவு, சாய்கோடு ஆகியவற்றை அகற்றாமல் ஹெடரில் சேர்ப்பதும் ஆபத்தே.

திருத்தம் செய்த பிறகு பழைய கோப்புகளையும் ஒருமுறை சோதியுங்கள். மேகச் சேமிப்பகங்களில் இந்த ஹெடர் பெரும்பாலும் கோப்பை ஏற்றும்போதே அதனுடன் பதிவாகிவிடும் என்பதால், நிரலை மாற்றினாலும் முன்பே ஏற்றப்பட்டவை பழையபடியே திறந்துகொண்டிருக்கும்.