ஓமோன் படிக்கிறீர்களா? வீட்டு மருந்துப் பெட்டியையும் திறந்து பாருங்கள்

உயிரியல் ஒலிம்பியாட்டுக்குப் படிக்கிற உயர்தரப் பிள்ளைகள் சிலர் திருகோணமலையில் என்னுடைய கிளினிக்குக்குச் சந்தேகம் கேட்க வருவார்கள். கொப்பியைத் திறந்தால் பெரிய அட்டவணை: சுரப்பி, ஓமோன், தொழில். எல்லாம் மனப்பாடம். ஆனால் அப்பப்பாவுக்கு இன்சுலினை ஊசியாகப் போடுகிறோமே, அம்மம்மாவுக்குத் தைரொட்சினை மட்டும் ஏன் குளிசையாகக் கொடுக்கிறோம் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். இந்த ஒரு கேள்விக்குள்ளேயே பாதிப் பாடம் இருக்கிறது.

இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் சேர்ந்த புரதம், விழுங்கினால் சாப்பிட்ட மீனைப் போலவே அதுவும் சமித்துவிடும். தைரொயிட் சுரப்பியின் ஓமோனான தைரொட்சின் சின்ன மூலக்கூறு, குடலால் அப்படியே உறிஞ்சப்படும். இன்சுலின் கலத்துக்குள் போகாது, மென்சவ்வில் ஓமோனைப் பிடிப்பதற்கென்றே இருக்கிற வாங்கியோடு இணைந்து நிமிடக்கணக்கில் வேலையைக் காட்டிவிடும். தைரொட்சினோ கலத்துக்குள் போய், கருவிலுள்ள வாங்கி வழியாக எந்தப் பரம்பரையலகு வேலை செய்ய வேண்டும் என்பதையே மாற்றுகிறது, அதனால் பலன் தெரிய நாட்கள் எடுக்கும். இரத்தத்தில் தைரொட்சின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாட்கள், அதனால் புது அளவு இரத்தத்தில் நிலைக்கக் கிழமைக்கணக்கு ஆகும். குளிசையின் அளவை மாற்றிவிட்டு "ஆறு கிழமை கழித்து இரத்தம் சோதித்துக்கொண்டு வாங்கோ" என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

அப்புறம் அந்த ரிப்போர்ட்டையும் பாருங்கள். ரி.எஸ்.எச் 18, தைரொட்சின் குறைவு என்று இருக்கிறது என்று வையுங்கள். ரி.எஸ்.எச் என்பது தைரொயிட்டைத் தூண்டுகிற ஓமோன், வழமையாக 4 அளவுக்குள் இருக்க வேண்டியது. வீட்டில் உடனே "தைரொயிட் கூடிப்போச்சு" என்பார்கள். கூடியது மூளைக்கு அடியில் இருக்கிற கபச்சுரப்பியின் ஓமோன். தைரொயிட் சோர்ந்துவிட்டதால் கபச்சுரப்பி அதை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. எதிர்ப் பின்னூட்டல் என்று படித்தது இதைத்தான். சரி, இரண்டுமே குறைந்திருந்தால் பழுது எங்கே? விடை கபச்சுரப்பியில், அல்லது அதற்கும் மேலே, அதை ஆளுகிற மூளைப் பகுதியான பரிவகக்கீழில். இப்படி ஒவ்வொரு ஓமோனுக்கும் "இதை யார் தூண்டுகிறது, யார் நிறுத்துகிறது" என்று கேட்டுப் படித்தால் அட்டவணை தானாக மனதில் நிற்கும், தெரியாத கேள்வி வந்தாலும் சமாளிக்கலாம்.

இன்னோர் உதாரணம் நோன்பு. பகல் முழுக்கச் சாப்பிடாதபோது இன்சுலின் குறைந்து குளுக்ககன் கூடும், ஈரல் தான் சேமித்து வைத்த கிளைக்கோசனை உடைத்துக் குளுக்கோசை வெளியே விடும். சுகதேகிக்கு இது போதும். ஆனால் கிளிக்கிளசைட் மாதிரியான சலரோகக் குளிசை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், அதனால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். முதலில் வியர்வையும் நடுக்கமும் வரும், அந்த நடுக்கம் அதிரீனலினின் வேலை. கிண்ணியா, மூதூரில் நோன்பு பிடிக்கிறவர்களானாலும் சரி, சிவராத்திரி விரதம் இருக்கிறவர்களானாலும் சரி, சலரோகத்துக்கு மருந்து எடுத்தால் முன்கூட்டியே வைத்தியரோடு பேசி மருந்தை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். அந்த நடுக்கம் வந்தால் நோன்பை, விரதத்தை விட்டுவிட்டு உடனே இனிப்பாக ஏதாவது எடுக்க வேண்டும்.

பிள்ளைகளே, மருந்துப் பெட்டியில் லேபலை வாசியுங்கள், அளவில் கை வைக்காதீர்கள். படித்த வேகத்தில் "அம்மம்மாவுக்கு இது கூட" என்று குறைக்கச் சொல்லாதீர்கள். முடி கொட்டுகிறது, களைப்பாக இருக்கிறது என்பதற்காக இணையத்தில் பார்த்து ஓமோன் சோதனைகளை வரிசையாகச் செய்து காசைக் கரைக்கவும் வேண்டாம்.

ஆனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள், இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை சில கிழமைக்குள் மெலிந்துபோய், ஓயாமல் தண்ணீர் குடித்து, அடிக்கடி சலம் போக எழும்பினால், அது முதலாம் வகைச் சலரோகமாக இருக்கலாம். இன்சுலின் இல்லாததால் உடல் கொழுப்பை உடைக்கிறது, அதிலிருந்து வருகிற கீற்றோன்கள் என்ற பொருட்கள் சேர்ந்து இரத்தம் அமிலமாகிறது. வயிற்றுவலியும் சத்தியும் வந்து, மூச்சு ஆழமாக வாங்கினால் "கூடாத சாப்பாடு சாப்பிட்டிருப்பான்" என்று வீட்டில் வைத்திருக்கவே கூடாது, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால் போதும், சீனி எவ்வளவு என்று ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிடும்.