கட்ட நீக்கமா, கட்டக் குலைவா?

முதுநிலை இயற்பியல் படிக்கும் மருமகன் ஒரு பாடக்குறிப்பை நீட்டினான். தலைப்பு: ‘கண்ணாடிகளில் ஒளியியல் கட்ட நீக்கம்’. இந்தச் சொல் என் கண்ணில் படுவது இது மூன்றாவது தடவை. “மாமா, நீக்குன கட்டத்த எங்க கொண்டு போடுவாங்க?” என்றான். நாகர்கோவிலில் நீக்கம் என்றால் ஆக்கிரமிப்பு நீக்கம்தான், ஜேசிபி வரும்.

மூலச்சொல் டீஃபேசிங். ஃபேஸ் கிரேக்க வழி வந்தது. தோற்றம் என்று பொருள். முதலில் நிலாவின் பிறைகளுக்கு, பிறகு அலை தன் சுற்றில் நிற்கும் இடத்துக்கு. நம் பாடநூல்களில் அது கட்டம். சரி, அதில் சண்டையில்லை. முன்னால் நிற்கும் ‘டீ’ என்ற முன்னொட்டைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு நீக்கம் போடுகிறார்களே, அதில்தான்.

கோயில் கொடையில் சிங்காரி மேளம். இருபது செண்டையும் ஒரே அடியில் தொடங்குகின்றன. ஒவ்வொருவர் கையும் மயிரிழை வேகம் கூடக் குறைய. ஒருவரையொருவர் பார்க்காமல் அடித்தால் கொஞ்ச நேரத்தில் வெறும் இரைச்சல். யாரும் அடியை நிறுத்தவில்லை, அவரவர் தாளம் அவரவரிடம் இருக்கிறது. இதைத் தாளம் நீங்கியது என்போமா? குலைந்தது என்போம்.

கண்ணாடிக்குள் கிடக்கும் சாய மூலக்கூறுகளும் அப்படித்தான். (கண்ணாடி என்றால் ஜன்னல் கண்ணாடி மட்டுமல்ல, படிக ஒழுங்கில்லாமல் உறைந்த எதுவும்.) ஒவ்வொன்றுக்கும் அக்கம்பக்கம் வேறு, அதனால் அதிர்வெண்ணும் வேறு. ஓர் ஒளித்துடிப்பு எல்லாவற்றையும் சேர்ந்தாட வைக்கும், சீக்கிரமே குலையும். இரண்டாவதாக வரும் ஒளித்துடிப்பு, எந்த மூலக்கூறு எவ்வளவு முந்தியிருந்ததோ அது அவ்வளவு பிந்தும்படி புரட்டிவிடும். அதே இடைவெளி கழிந்ததும் எல்லாம் மறுபடி கூடி ஓர் ஒளி எதிரொலி எழும். 1964இல் மாணிக்கக் கல்லில் முதலில் கண்டார்கள். கட்டம் நீங்கியிருந்தால் இது எங்கிருந்து வரும்?

துடிப்புகளின் இடைவெளியைக் கூட்டக் கூட்ட எதிரொலி மங்கும். சுற்றுப்புறம் ஓயாமல் உலுக்குவதால் வரும், திரும்பச் சேராத குலைவு அது. அளப்பது அதைத்தான். அறை வெப்பநிலையில் பெரும்பாலும் நூறு ஃபெம்டோ நொடிக்குள் முடிந்துவிடும். நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் அதில் ஒன்று ஃபெம்டோ நொடி. திரவ ஹீலியக் குளிரில் வெகுவாக நீளும்.

‘கட்டச் சிதைவு’ என்பாரும் உண்டு. சிதைவு ஏற்கெனவே கதிரியக்கத்துக்குப் போய்விட்டது. போதாததற்கு, மூலக்கூறே ஆற்றல் இழந்து விழுந்துவிட்டது போலவும் தொனிக்கும். ஆனால் அது ஒளி வாங்கிக் கிளர்ந்த நிலையிலேயே இருக்கும்போதும் கட்டம் குலையலாம். டீஹைட்ரேஷனுக்கு நீர்நீக்கம் சரி, அங்கே நீர் போகிறது. டீஃபாரஸ்டேஷனிலும் அதே ‘டீ’தான், ஆனால் காடழிப்பைக் காடு நீக்கம் என்று யாரும் எழுதவில்லையே! மொழிபெயர்ப்பவர்கள் முன்னொட்டுப் பட்டியலை மூடிவைத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று ஒரு தடவை பார்க்கலாம்.

தேர்வில் கட்டக் குலைவு என்று எழுதட்டுமா என்கிறான் மருமகன். எழுது, பக்கத்தில் அவர்கள் சொல்லையும் போட்டுவை என்றேன். மார்க் முக்கியம்.