மோட்டார் நின்றுவிட்டது, சரி. மூடி?

"ஆஃப் பண்ணிட்டுத்தானுங்க எறங்குனான்."

பிரஸ் மெஷின் ரிப்பேர் பார்க்கும் எனக்கு இந்த வருடம் இதைக் கேட்பது மூன்றாவது முறை. கோவைப் பக்கம் ஒரு பழைய இரும்பு யார்டு. கழிவுத் தகரத்தை ஆயில் அழுத்தத்தால் கட்டாக அமுக்கி உருக்காலைக்கு அனுப்பும் பேலிங் பிரஸ். மூடிக்கும் பெட்டியின் விளிம்புக்கும் நடுவே தகரம் சிக்கி, மூடி பாதியில் நின்றுவிட்டது. பையன் மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே இறங்கி, கடப்பாரையால் நெம்பியிருக்கிறான். தகரம் விடுபட்டது. மூடியும் இறங்கியது. வலது கையில் இரண்டு விரல் இல்லை.

"தலைக்கு வந்தது விரலோட போச்சுங்க" என்கிறார் முதலாளி. விரல் அவருடையது இல்லையே.

மோட்டார் நின்றால் மெஷின் செத்துவிட்டது என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? லாரி டயருக்குக் காற்றடித்துவிட்டு கம்ப்ரசரை நிறுத்துகிறீர்கள். டயர் இளைத்துப் போகிறதா? போகாது. அதேதான் இங்கேயும். மோட்டாரை நிறுத்தினால் புதிதாக ஆயில் போகாது, அவ்வளவுதான். ஏற்கெனவே போன ஆயில் வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையில் அடைபட்டு, மூடியை அழுத்திக்கொண்டேதான் நிற்கும். அதைத் தடுத்துக்கொண்டிருந்ததே அந்தச் சிக்கிய தகரம். அதைத்தான் அவன் நெம்பி எடுத்தான்.

உடனே அடுத்த கேள்வி வரும்: "கேஜ் ஜீரோ காட்டுச்சுங்களே?" காட்டும். பல மெஷின்களில் அழுத்தம் காட்டும் கேஜ் இருப்பது பம்பு லைனில். பம்பு நின்றதும் முள் விழுந்துவிடும். சிலிண்டர் பக்கம் என்ன நடக்கிறது என்பது அந்த முள்ளுக்குத் தெரியாது. சிலிண்டர் லைனிலேயே கேஜ் இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 செ.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் 250 பார் அழுத்தம் என்றால் தள்ளும் பலம் ஏறத்தாழ 80 டன். முள் 10 பாருக்கு இறங்கிவிட்டது, "கிட்டத்தட்ட ஜீரோ" என்று வையுங்கள். அப்போதும் 3 டன்னுக்கு மேல். விரலுக்கு அது தாராளம்.

சிக்கலை எடுப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போடுங்கள். சாவி, உள்ளே கை வைக்கப்போகிறவன் சட்டைப்பையில் இருக்க வேண்டும்; மேஸ்திரியிடம் அல்ல, மேஜை டிராயரில் அல்ல. அடுத்து மூடிக்கு முட்டு. மெஷினோடு வந்த இரும்பு முட்டு, சவுக்குக் கட்டை இல்லை. அதற்குப் பிறகுதான் வால்வு லீவரை இரண்டு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை விட வேண்டும். முட்டுக் கொடுக்காமல் அழுத்தத்தை விட்டால் தூக்கி நிற்கும் மூடி தானாகவே இறங்கிவிடும். மின்சாரத்தால் இயங்கும் சொலினாய்டு வால்வு உள்ள மெஷினில் ஆட்டுவதற்கு லீவர் இருக்காது. தெரியாவிட்டால் எங்களைக் கூப்பிடுங்கள். இத்தனைக்கும் பிறகும் தகரத்தைக் கொக்கிக் கம்பியால் இழுங்கள். அமுங்கிய தகரம் ஸ்பிரிங் மாதிரி எகிறும்.

நான் போகும் யார்டுகளில் பாதிக்கு மேல் மூடியின் நிலையைப் பார்த்து மெஷினை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. கேட்டால், "அது அடிக்கடி நிறுத்துதுங்க." நிறுத்தத்தானே அதை வைத்தார்கள்! அவிழ்த்துவிட்டு வருவேன், அடுத்த தடவை போனால் புதுக் கம்பி. எமர்ஜென்சி பட்டன் மேல் யாரோ சட்டையை மாட்டியிருப்பார்கள். எச்சரிக்கைப் பலகை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், பையன் ஒடிசா. அவனுக்குத் தெரிந்த மொழியில் ஒரு பலகை எழுத எவ்வளவு ஆகிவிடும்?

ஓஸில் ஆயில் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித்துளை ஓட்டை வழியாகப் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்த்தால் முள் குத்தினது போலத்தான் இருக்கும், முதலில் வலிகூடப் பெரிதாக இராது. மஞ்சள் பத்துப் போட்டுப் படுத்தால் காலையில் கை வீங்கியிருக்கும், சிலருக்கு விரலையே எடுக்க வேண்டி வரும். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், "ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். கசிவு பார்க்க அட்டைத் துண்டு போதும்.

கேஸ் சிலிண்டர், ஷாக் அப்சார்பர், பிரிட்ஜ் கம்ப்ரசர், மூடி திறக்காத டின் எதையும் அப்படியே பிரஸ்ஸில் போடாதீர்கள். காலி சிலிண்டர் காலி இல்லை. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

லோடு லாரி வாசலில் நிற்கும், உருக்காலையிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும், எல்லாம் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டாலும் வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேனுங்க. நான் வரும்வரைக்கும் அந்தப் பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து வெளியே உட்கார வையுங்கள்.